உறைக்குள் போன ஓட்டு

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி இருந்த மாநகராட்சிப் பள்ளியில் வேலம்மா ஆயாவாகச் சேர்ந்தது அறுபத்தேழாம் வருஷம். அதற்கு முந்தைய வருஷம்தான் அவள் புருஷன் அம்மாசி செத்துப்போனான். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்காகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கலவை தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறும்போது சாரம் சரிந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. ஆற்றங்கரைக் குடிசையில் அவள் தனியாக இருந்தாள். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தம்பியும், தம்பி பெண்டாட்டி முனியம்மாளும் இருந்தார்கள். தம்பிக்கு மணல் லாரியில் லோடு ஏற்றுகிற வேலை.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆயாவானாலும் வாட்ச்மேனானாலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துத்தான் போட வேண்டும், பெருவிரலை அமுக்கக் கூடாது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் கைநாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்பார். ஒரு சிலேட்டில் 'வேலம்மா' என்று எழுதிக் கொடுத்து, பத்து நாள் தவணையும் கொடுத்தார். வேலம்மா ஒன்றாம் வகுப்பு கூட்டும்போதும் சிலேட்டை ஓரமாக வைத்துக்கொண்டே கூட்டினாள். வீட்டுக்குப் போனால் அடுப்புக் கரியால் தரையில் எழுதினாள். 'ல'வின் சுழி மட்டும் திரும்பத் திரும்ப எதிர்ப்பக்கமே போயிற்று. ஒன்பதாம் நாள் அது சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆறு வருஷமாகக் கையெழுத்துப் போட்டு வந்தாள். வேறு எதையும் அவளுக்கு எழுதத் தெரியாது. அந்த ஒரு சொல்லை எழுதும்போது கை நிதானமாகப் போகும்.

எழுபத்து மூன்றில் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மாரடைப்பில் காலமானார். இடைத்தேர்தல் அறிவித்தார்கள்.

பொதுத்தேர்தல் என்றால் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகப் பிரிந்து போய்விடுவார்கள். இடைத்தேர்தலில் மொத்தப் பேரும் ஒரே தொகுதியில் வந்து இறங்குவார்கள். தி.நகர் லாட்ஜுகளில் அறை கிடைக்கவில்லை. மதுரைக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைச் சந்துகளில் வழி கேட்டு நடந்தார்கள். ஏழு வருஷமாக எழுதிப் போட்டும் வராத தெருவிளக்கு மூன்றே நாளில் வந்தது. மண் சாலையில் தார் கொதித்தது. ஒரு மந்திரி வேலம்மாவின் குடிசை வாசலில் குனிந்து நின்று, சாப்பாட்டுக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். மைக் கட்டிய வண்டிகள் காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியாமல் டீச்சர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தார்கள்.

ஆளுங்கட்சிக்கு அந்தப் பகுதியில் ரகுபதிதான் எல்லாம். ரேஷன் அட்டை, தண்ணீர் லாரி, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எதற்கும் அவனிடம்தான் போக வேண்டும். ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டுக் குடிசை மாற்று வாரியம் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தது. அந்த வீடுகள் யார் யாருக்கு என்கிற பட்டியலும் அவன் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் வேலம்மாவுக்கு அவன் மேல் வெறுப்பு கிடையாது. அம்மாசி செத்த அன்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை வாங்கி, வண்டி பிடித்து, இடுகாடு வரை தோள் கொடுத்தவன் ரகுபதி. மேஸ்திரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஓட்டுச்சாவடி வேலம்மா வேலை பார்த்த அதே பள்ளியில்தான். ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் சாயங்காலமே அலுவலர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். சாவடி அதிகாரி ராஜகோபாலன் என்பவர், மயிலாப்பூர்க்காரர், ஏதோ சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டெண்டு. ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. வந்ததும் வராததுமாக ஒரு தடித்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அடிக்கோடு போட ஆரம்பித்தார். வேலம்மா வகுப்பறையைக் கழுவி விட்டாள், பெஞ்சுகளை நகர்த்தினாள், பானையில் தண்ணீர் நிரப்பினாள். மறைப்புக்கு அட்டை நிற்காமல் ஆடியபோது அண்டை கொடுக்கச் செங்கல் எடுத்து வந்ததும் அவள்தான்.

ஓட்டு நாளன்று காலையில் வரிசை பள்ளிக் கேட்டைத் தாண்டி நின்றது. தனக்கென்ன அவசரம், இங்கேதானே இருக்கிறோம், மத்தியானம் கூட்டம் கலைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் இருந்துவிட்டாள். பதினோரு மணிக்கு ராஜகோபாலன் காபி கிடைக்குமா என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக் கூஜாவை எடுத்துக்கொண்டு அடையாறு காந்தி நகர் ஓட்டல் வரை நடந்து போனாள். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காபி ஆறித்தான் போயிருந்தது. அவர் அதையே குடித்து முடித்தார்.

மூன்று மணிக்குப் பெண்கள் வரிசையில் நாலு பேர்தான் மிச்சம். வேலம்மா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, முகம் கழுவி, கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு, அந்த நாலு பேருக்குப் பின்னால் போய் நின்றாள். நேராக உள்ளே போனால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வரிசையில் நிற்பதுதான் முறை என்று அவளுக்குத் தோன்றியது.

பட்டியல் வைத்திருந்த குமாஸ்தா அவள் பேரைத் தேடி விரலை வைத்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "வேலம்மா, கணவர் பேர் அம்மாசி. கோடு போட்டாச்சேம்மா. நீ ஏற்கெனவே போட்டுட்டியே."

அவள் இல்லை என்றாள். அவர் இருக்கிறது என்றார். ரகுபதி ஆள் ஒருவன் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தான். காலையிலேயே போட்டுவிட்டுப் போய் மறுபடியும் வந்து நிற்கிறாள் என்று சத்தம் போட்டான். எதிர்த்தரப்பு ஏஜெண்டு அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலம்மா இடது கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரலில் மைப்பொட்டு இல்லை. பாத்திரம் தேய்த்த கரிதான் நகக்கண்ணில் இருந்தது.

ராஜகோபாலன் எழுந்து வந்தார். அவள் விரலைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். விடிந்ததிலிருந்து தனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவள் என்பதால் அவளை விசாரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. கையேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"ஒன் பேர்ல வேற யாரோ போட்டுட்டா. நான் கவனிச்சிருக்கணும், தப்புதான்," என்றார். "இதுக்கு டெண்டர் ஓட்டுன்னு ஒண்ணு இருக்கு. ஒனக்கு வேற சீட்டு தருவேன். போட்டு எங்கிட்ட குடுத்துடணும். பெட்டிக்குள்ள போகாது, ஒரு உறையில வெச்சு அரக்கு முத்திரை போட்டுடுவேன்."

"எண்ணுவாங்களாய்யா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ண மாட்டா. கேஸாகி, கோர்ட்டு சொன்னா மட்டும்தான் எண்ணுவா. அப்படி நடக்கறது ரொம்ப அபூர்வம். வேண்டாம்னா விட்டுடு, யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்லே."

எண்ணப்படாத ஓட்டை எதற்காகப் போடுவது என்று அவளுக்கும் ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்தப் பட்டியலில் தன் பேருக்கு நேராக யாரோ இழுத்திருந்த கோட்டை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். "குடுங்கய்யா," என்றாள்.

படிவத்தை நீட்டி, மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார் குமாஸ்தா. அவள் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். 'வேலம்மா' என்று நிதானமாக எழுதினாள். அட்டைக்குப் பின்னால் போய் முத்திரையைக் குத்தி, மடித்து, ராஜகோபாலன் கையில் கொடுத்தாள். அவர் சொன்னபடியே உறையில் வைத்தார். அரக்கு உருகி விழுகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முனியம்மாள் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மீனைக் கிள்ளுகிற இடது கை விரலில் மை இருந்தது.

முனியம்மாள் வாலாஜாபாத் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து நாலு வருஷம் ஆயிற்று. வாக்காளர் பட்டியலுக்குப் பேர் எடுக்க வந்த அன்று அவள் சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள், தம்பி லாரியில் இருந்தான். தம்பி பேர் பழைய பட்டியலில் இருந்ததால் தப்பித்தது. இவள் பேர் எங்கேயும் ஏறவில்லை. எனக்கு மட்டும் ஓட்டு இல்லை என்று பிரசாரம் நடந்த அந்த ஒரு மாதமும் முனியம்மாள் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டது வேலம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

வேலம்மா அந்த விரலைப் பார்த்தாள். முனியம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். குழம்புக்குப் புளி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலம்மா உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பல நாள் இரண்டு பேரும் தண்ணீர், விறகு, இவற்றைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. தோலில் இருந்த மை ஒரு வாரத்தில் போய்விட்டது. நகத்தில் இருந்தது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே வந்தது.

எண்ணிக்கை முடிந்தது. ஆளுங்கட்சி வேட்பாளர் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மறுபடி எண்ணச் சொன்னார்கள், மறுபடியும் மூன்றுதான். தோற்றவர் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார்.

அவருடைய வக்கீல் நெடுஞ்செழியன் என்பவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒருநாள் மத்தியானம் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து வேலம்மாவைத் தேடிப் பிடித்தார். தொகுதி முழுக்கப் பதினோரு டெண்டர் ஓட்டு விழுந்திருக்கிறது என்றார். அந்தப் பதினோரு பேரில் பாதிப் பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள், மீதிப் பேர் வம்பு வேண்டாம் என்கிறார்கள், அடையாற்றில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மட்டும் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார், நீங்களும் வர வேண்டும் என்று கேட்டார். வேலம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

சேதி அன்றைக்கே ரகுபதிக்குப் போய்விட்டது. மறுநாள் குடிசைக்கு வந்தான். கோபமாக வரவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினான்.

"யக்கா, வூட்டு லிஸ்ட்டுல உன் பேரு மூணாவதா கீது. முதல் பிளாக்கு. ஒண்டிக்கட்டையாச்சேன்னு நான்தான் மேல ஏத்தி வெச்சேன். நீ கோர்ட்டு கீர்ட்டுன்னு போய்க்கினு இருந்தேன்னா லிஸ்ட்டு மாறிப்பூடும், அப்புறம் என்னியக் கேக்கக் கூடாது." எழுந்து நின்று வேட்டியைத் தட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "அது மட்டுமில்ல. யாரு போட்டதுன்னு தோண்டிக்கினே போனா அது உன் வூட்டாண்டதான் வந்து நிக்கும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில் குழாயடிக்குப் போகிற வழியில் முனியம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"ரகுபதிதான்க்கா சீட்டு குடுத்தான். உனுக்கும் ஓட்டு கீது, போய்ப் போட்டுட்டு வான்னான். அதுல இன்னா எழுதிக்கீதுன்னு நான் எங்க படிச்சேன்? உள்ள போனப்பதான் பேரு கூப்ட்டாங்க. வேலம்மான்னாங்க. அம்மாசி பேரும் சொன்னாங்க. திரும்பி வந்துடலாம்னு பாத்தேன். பின்னால அத்தினி பேரு நிக்கிறாங்க. கைய நீட்டிட்டேன்."

வேலம்மாவும் குடத்தை இறக்கிவைத்தாள்.

"அந்த அட்டைக்குப் பின்னால போயி நின்னேன் பாரு, அது நல்லாத்தான்க்கா இருந்துச்சு. பொய் சொல்லல."

"என் பேரத் தூக்கிக்கினு போயிப் போட்டுட்டு நல்லாயிருந்துச்சுன்றே," என்றாள் வேலம்மா. குரல் உயரவில்லை. ஆனால் அந்த நாலு வருஷத்தில் அவள் முனியம்மாளிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். பின்னாலேயே வந்த முனியம்மாள், கோர்ட்டுக்குப் போகாதே, என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் முழுக்க வேலம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போகாமல் இருந்துவிட்டால் வீடும் வரும், தம்பி குடும்பமும் பிழைக்கும். ஆனால் ராஜகோபாலன் அபூர்வம் என்று சொன்னது இப்போது கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அந்த உறைக்குள் கிடப்பது அவளுடையது. அதைப் பிரிக்கச் சொல்ல அவளைத் தவிர வேறு யாருக்கும் உரிமையில்லை. இதையெல்லாம் அவளால் இப்படி எடுத்துச் சொல்ல முடியாது. பதிவேட்டில் காலையும் மாலையும் கையெழுத்துப் போடும்போது மட்டும் கை ஒரு நிமிஷம் நின்று நின்று போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினாள். கச்சேரி ரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் நெடுஞ்செழியனின் ஆபீஸ். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். என் பேரில் போட்டவருக்கு என்ன ஆகும்?

நிரூபணமானால் ஜெயில்கூட ஆகலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். ஆனால் தன்னுடைய வழக்குக்கு அது தேவையில்லை, போட்டது வேலம்மா இல்லை என்பது மட்டும் நிலைத்தால் போதும் என்றார். சொல்லிவிட்டு, "யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அத நீங்க கேக்காதீங்க. நான் வரேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, கேட்கவில்லை என்றார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று மட்டும் யார் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை, நீதிபதியே கேட்டாலும் வேண்டியதில்லை, அது சட்டம் என்று சொல்லி அனுப்பினார்.

எழுபத்து நாலாம் வருஷம் பங்குனியில் விசாரணை வந்தது. பெரிய டீச்சரிடம் ஒருநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, பாரிஸ் கார்னருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். ஐகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள், உள்ளே போனதில்லை. தாழ்வாரத்தில் ராஜகோபாலன் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் சாட்சி. அவளைப் பார்த்ததும் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். அவள் உட்காரத் தயங்கினாள். "ஒக்காரும்மா, ரெண்டு பேரும் ஒரே வேலையாத்தானே வந்திருக்கோம்," என்றார்.

முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். அவள் விரலில் மை இல்லாததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பதினோரு மணிக்குமேல் தன் காபிக்காக அவள் வெளியே போயிருந்ததையும், பேர் கூப்பிட்டபோது முகத்தைப் பார்க்கத் தவறியது தன் சாவடியின் குறை என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார்.

பிறகு வேலம்மா. ஓட்டுச்சீட்டின் அடிக்கட்டையை எடுத்துக் காட்டினார்கள். அவள் எண்ணுக்கு நேராக அதில் பெருவிரல் ரேகை இருந்தது. நீதிபதி வயதானவர். மொழிபெயர்ப்பாளரைக் கையமர்த்திவிட்டுத் தமிழிலேயே கேட்டார். "இது உன் ரேகையா?"

"இல்லீங்கய்யா. நான் கையெழுத்து போடறவ."

ஒரு தாளைக் கொடுத்தார்கள். எழுதிக் காட்டினாள். பள்ளிப் பதிவேட்டையும் உறையோடு வந்த படிவத்தையும் பக்கத்தில் வைத்து நீதிபதி பார்த்தார். ரேகையையும் எடுத்து நிபுணரிடம் கொடுத்தார்கள். பொருந்தவில்லை என்று அவர் சொன்னார்.

ஜெயித்தவரின் வக்கீல் பெரிய ஆள், பேச்சும் பலமாக இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறாயா, அந்த வக்கீல் ஆபீசுக்கு எத்தனை தடவை போனாய் என்று அடுக்கினார். அவள் ஒரு தடவை என்றாள். கடைசியில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "சரி, நீ போடலை. அப்ப யார் போட்டது? அதுவாவது தெரியுமா?"

நெடுஞ்செழியன் எழுந்திருக்கப் போனார். அதற்குள் அவள் வாயைத் திறந்துவிட்டாள். சத்தியம் பண்ணிக்கொண்டு கூண்டில் ஏறியிருந்தாள், தெரியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

சொல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று அந்த வக்கீல் ஆரம்பித்தார். நீதிபதி அவரை நிறுத்திவிட்டு, ஏன் சொல்ல மாட்டாய் என்று கேட்டார்.

வேலம்மா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்களுக்கு ஓட்டு இல்லீங்கய்யா. பேரே எழுதலை. வீட்டுக்கு வந்தவங்க, ஆளு இல்லைன்னு போயிட்டாங்க, அப்புறம் வரவே இல்லை. அவங்க பேருலயே ஒண்ணு இருந்திருந்தா எம்பேருல எதுக்குப் போடப் போறாங்க. அவங்க எடுத்தது என்னுதுதான். அத நான் அவங்கள கேட்டுக்கிறேன்."

நீதிபதி எழுத்தர் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்விக்கு விடை இந்த வழக்குக்கு வேண்டியதில்லை, ரேகை சாட்சியுடையது அல்ல என்பதே போதும் என்று ஆங்கிலத்தில் சொல்லி எழுத வைத்தார். அவளை இறங்கிப் போகச் சொன்னார். வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

தீர்ப்பு ஆடி கடைசியில் வந்தது. அதற்குள் மாடி வீடுகள் திறந்துவிட்டார்கள். பட்டியலில் தம்பி பேர் இருந்தது, முதல் பிளாக், கீழ் வீடு. வேலம்மாவின் பேர் இல்லை. ரகுபதியிடம் அவள் போய்க் கேட்கவில்லை. குடிசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, அவள் குடிசையும் இன்னும் நாலைந்தும்தான் கரையில் நின்றன.

நெடுஞ்செழியன் கூப்பிட்டு அனுப்பினார் என்று கச்சேரி ரோட்டுக்குப் போனாள். அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டி விளக்கினார். போஸ்ட்மாஸ்டர், வேலம்மா இரண்டு பேருடைய டெண்டர் ஓட்டுகளையும் நீதிபதி ஏற்றுக்கொண்டார். அவர்கள் பேரில் விழுந்த கள்ள ஓட்டு இரண்டும் ஜெயித்தவருக்குப் போயிருந்தன, இரண்டையும் கழித்தார்கள். மூன்று ஒன்றாயிற்று. பிறகு உறைகளைப் பிரித்தார்கள். உள்ளே இருந்ததில் ஒன்று நமக்கு, ஒன்று அவர்களுக்கு. ஆகக் கடைசியில் ஒரே ஒரு ஓட்டில் அவர்களே நின்றுவிட்டார்கள்.

"போஸ்ட்மாஸ்டர் முப்பது வருஷமா எங்க கட்சிக்காரர்," என்று சொல்லி நிறுத்தினார் நெடுஞ்செழியன். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு திகைப்புத்தான் இருந்தது. "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யாருக்குப் போட்டேன்னு யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்ததும், இவ்வளவு கஷ்டப்படுத்தியும் எதற்காக அவர்களுக்குப் போட்டீர்கள் என்று கேட்டார். கஷ்டப்படுத்தியதெல்லாம் அப்புறம் நடந்தது, ஓட்டுப் போட்டது அதற்கு முன்னால் என்றாள் அவள். புருஷன் செத்தபோது தூக்குவதற்கு வந்தவர்கள் அவர்கள்தான் என்றும் சொன்னாள். தன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ரகுபதிக்கு அந்தத் திருட்டுக்கே வேலை இருந்திருக்காது. அதை ரகுபதியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது உண்டு, சொல்லவில்லை. கேட்டுவிட்டு அவன் சந்தோஷப்படுவான், அதை அவளால் தாங்கிக்கொள்ள முடியாது.

ஐப்பசியில் ஆறு பெருகிக் குடிசைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. வேலம்மா டிரங்குப் பெட்டியைக் கயிற்றுக் கட்டிலின் மேல் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனியம்மாள் தம்பியையும் இழுத்துக்கொண்டு முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகியபடி வந்தாள். வாசலில் நின்று கூப்பிடவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். தம்பி அடுப்பையும் பானைகளையும் எடுத்துக்கொண்டான்.

"எங்க எடுத்துக்கினு போறே?" என்றாள் வேலம்மா.

"வூட்டுக்கு," என்றாள் முனியம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

ஒரே அறை. குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டித் தடுத்து மூன்று பேரும் இருந்தார்கள். கோர்ட்டில் என்ன நடந்தது என்று வேலம்மா சொன்னதில்லை. போஸ்ட்மாஸ்டர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் வழியாக முனியம்மாளுக்கு எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது ஒரே ஒரு தடவைதான். என்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன் என்று ஜட்ஜிடம் சொன்னாயாமே, இன்னும் கேட்கவில்லையே என்று முனியம்மாள் சோறு போடும்போது கேட்டாள். சோற்றைப் போடு முதலில் என்றாள் வேலம்மா.

வேலம்மாவுக்கென்று தனி வீடு எழுபத்தாறில்தான் கிடைத்தது. சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டிருந்த நேரம். ரகுபதி எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. வாரியத்து ஆபீசில் ஒரு புது அதிகாரி பழைய பட்டியல்களைச் சரிபார்த்தபோது மூன்றாவதாக இருந்து அடிக்கப்பட்ட பேரைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். மூன்றாம் மாடி. முழங்கால் வலியோடு படி ஏறினாள். முனியம்மாள் தினமும் கீழேயிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவாள்.

அந்த வருஷமே வாக்காளர் பட்டியலுக்குப் பேர் எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். பிளாக்குக்குள் அவர் நுழைகிறார் என்று தெரிந்ததும் வேலம்மா பள்ளிக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு மூன்று மாடியும் இறங்கி வந்தாள். சித்தாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முனியம்மாளைக் கையைப் பிடித்து நிறுத்தி அவர் முன்னால் நிற்க வைத்தாள். பேர் சொன்னாயிற்று, புருஷன் பேரும் சொன்னாயிற்று. வயது என்ன என்று கேட்டார் வாத்தியார்.

முனியம்மாளுக்குத் தெரியவில்லை. இருபத்தஞ்சு இருக்கும் என்றாள். வேலம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தின்போதே இருபத்து மூன்று என்று உன் அப்பன் சொன்னான், அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஆகிறது என்றாள். எங்கப்பன் மாப்பிள்ளை தட்டிப்போகக் கூடாதென்று கூட்டிச் சொல்லியிருப்பான் என்றாள் முனியம்மாள். குறைத்துத்தான் சொல்வார்கள், யாராவது கூட்டிச் சொல்வார்களா என்று வேலம்மா கேட்டாள். பக்கத்து வீட்டு ஜனங்களும் வாசலுக்கு வந்து ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இருபத்தெட்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் படியேறிப் போன பிறகும் இரண்டு பேரும் வாசலில் நின்று வயதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.